கோட்டைமேட்டுக் கோட்டையும் 23 மில்லிமீட்டர் சிப்பாய்களும்

உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகளில் மேய்கிற பழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்தில் தொற்றியது. இன்ஜினியரிங் கைடுகளுக்கும் பழைய வார இதழ்களுக்கும் நடுவில் எப்போதாவது ஒரு புதையல் கிடைக்கும். அப்படி ஒருநாள் கிடைத்ததுதான் 'மிலிட்டரி மாடலிங்' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் நாலைந்து இதழ்கள். 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பத்திரிகை. எந்த வெள்ளைக்கார மில் மேனேஜர் வீட்டிலிருந்து எடைக்கு வந்ததோ! கடைக்கார பாய் அட்டையைப் பார்த்துவிட்டு, "பொம்மை புஸ்தகம் தம்பி, அம்பது ரூவா குடுங்க" என்றார்.

பொம்மைப் புத்தகம்தான். ஆனால் உள்ளே ஒரு குதிரைப்படை வீரனின் சட்டைக் கைமடிப்பில் எத்தனை பொத்தான், 1812-ல் அது எத்தனை, 1815-ல் எத்தனை என்று ரெண்டு பேர் நாலு பக்கத்துக்குச் சண்டை போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பைத்தியக்காரத்தனம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. வரலாற்றை யாரும் இப்படிப் பொத்தான் பொத்தானாக எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் 'மூன்றாம் மைசூர்ப் போர், 1790–92' என்று ஒரு வரி, ஐந்து மதிப்பெண், அவ்வளவுதான்.

முதலில் அளவு பற்றி. நான் செய்வது ஒன்றுக்கு எழுபத்திரண்டு. அதாவது நிஜத்தில் ஆறு அடி, மேசையில் ஒரு அங்குலம். ஐந்தரை அடி ஆள் 23 மில்லிமீட்டர் வருவார், சுண்டுவிரல் நகத்தின் மேல் நிற்க வைக்கலாம். இதைவிடப் பெரியது 54 மில்லிமீட்டர். அது பழைய ஈயப் பொம்மைகளின் அளவு. 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஈயத்தை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அச்சில் ஈயத்தை ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மன்காரர்கள் திணறிப்போனார்கள். பிரிட்டன் கம்பெனியின் 1890களின் பெட்டிகளிலேயே 'மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று ஒரு செட் உண்டு. யோசித்துப் பாருங்கள், ஆற்காட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த நம்ம ஆட்கள் ஈயமாகி லண்டன் பிள்ளைகளின் படுக்கையறைத் தரையில் அணிவகுத்திருக்கிறார்கள். எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதியபோது அவர் தரையில் தவழ்ந்து விளையாடியதும் இந்த ஜாதி ஈயப் பொம்மைகளை வைத்துத்தான்.

நம்ம ஊரில் படைவீரனுக்கு உருவம் செய்வது புதிசு ஒன்றும் இல்லை. கொங்கு நாட்டில் தோட்டத்து ஓரத்திலும் ஏரிக்கரையிலும் புலிகுத்திக் கல் நிற்கும். இடது பக்கம் பாயும் புலி, வலது பக்கம் குத்துகிற வீரன். மூன்றடிக் கல்லில் கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, கத்தி எப்படி வளைகிறது, இடைக்கச்சை எப்படிப் பறக்கிறது என்பது வரை செதுக்கியிருப்பார்கள். அய்யனார் கோயில் காவல்காரர்களில் சிலர் துப்பாக்கியும் தொப்பியுமாக நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். நவராத்திரிக் கொலுவில் பட்டாளத்து பேண்டு செட் வைக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை முதல் 'ராணுவ ஃபிகர்' அதுதான். டிரம் அடிக்கிறவனின் கை உடைந்து, வருஷா வருஷம் அம்மா ஃபெவிகால் வைத்து ஒட்டுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்ய நினைத்தது கோயம்புத்தூர்க் கோட்டை முற்றுகை, 1791.

உக்கடத்திலிருந்து டவுன்ஹால் பக்கம் நடந்தால் கோட்டைமேடு வரும். மேடு இருக்கிறது, கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் இருக்கிறது, கோட்டை இல்லை. பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோட்டை பந்து மாதிரி கை மாறியது. 1768, 1783, 1790 என்று மூன்று முறை கம்பெனிப் படை பிடித்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து இறங்கினால் முதலில் கையில் படுகிற பெரிய ஊர் இது. கிழக்கே காவேரிக் கரை, வடக்கே கஜல்ஹட்டி வழியாக மைசூர். தானியமும் மாடும் நிறைந்த சீமை. விடுவார்களா?

1791-ல் கார்ன்வாலிஸ் பெரிய படையோடு மைசூர்ச் சீமைக்குள் போய்விட்டார். கோயம்புத்தூரில் மிச்சம் இருந்தது கொஞ்சம் பேர். கோட்டை தாங்காது என்று முடிவுசெய்து நல்ல பீரங்கிகளையும் மருந்தையும் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லெப்டினன்ட் சால்மர்ஸ் என்று ஒரு இளைஞரைக் காவலுக்கு வைத்தார்கள். அவர் கழித்துப் போட்ட பீரங்கிகளில் தேறுவதைத் தேற்றி மதில் மேல் ஏற்றினார். ஜூனில் திப்புவின் ஆட்கள் வந்து வளைத்தார்கள். ஆகஸ்ட் 11 விடிவதற்கு முன் ஏணி சாத்தி ஏறினார்கள். உள்ளே கைகலப்பு. ஏறியவர்களைத் தள்ளிவிட்டார்கள். பாலக்காட்டிலிருந்து உதவியும் வந்து சேர்ந்தது. அக்டோபரில் கமருதீன் கான் பெரிய படையோடு மறுபடி வந்தார். இந்த முறை தாங்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் நிபந்தனையின் பேரில் கோட்டையைக் கொடுத்தார்கள். நிபந்தனைப்படி விட்டுவிடாமல் எல்லாரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஆகஸ்ட் 11 விடியற்காலை. மதில், ஏணி, புகை. இருபதடி மதில் என்று வைத்தால் மேசையில் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். தெர்மாக்கோல் மேல் களிமண் பூசி மதில் செய்தாயிற்று. ஆட்களுக்கு ஒன்றுக்கு எழுபத்திரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் நண்பர் ஒருவர் மூலம் வந்தன. 2020-ல் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சுங்க அதிகாரிக்கு இது பொழுதுபோக்கு மாடல், இது குழந்தைப் பொம்மை என்ற பேதமெல்லாம் கிடையாது. அதனால் இந்த ஊரில் இந்த வேலை செய்கிற நாங்கள் சில பேர் யாராவது வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் பாசத்தோடு போன் பண்ணுவோம்.

என் முதல் தவறு இங்கேதான். கம்பெனிக் கோட்டை, கம்பெனி அதிகாரி. சரி, உள்ளே வெள்ளைக்காரப் பட்டாளம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்து நாற்பது பேருக்குச் சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, ரோஸ் நிற முகம் அடித்து முடித்தேன். இரண்டு மாத ராத்திரி வேலை.

அப்புறம்தான் முற்றுகை பற்றிய பழைய நூல்களை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். (முதலில் படித்துவிட்டு அப்புறம் பிரஷ் எடுக்க வேண்டும். தெரியும். சொல்லாதீர்கள்.) ஜூனில் கோட்டைக்குள் இருந்தவர்கள் யார் தெரியுமா? சுமார் 120 தொப்பாஸ்கள். சுமார் 200 திருவிதாங்கூர் வீரர்கள். திருவிதாங்கூர்க்காரர்களை நடத்தியவர் மிகோ த லா கோம்ப் என்ற பிரெஞ்சுக்காரர். சால்மர்ஸ் ஒரு வெள்ளைக்காரர். லெப்டினன்ட் நாஷ் என்பவர் கொஞ்சம் சிப்பாய்களோடு பின்னால்தான் வந்து சேருகிறார். முடிந்தது கதை. 'பிரிட்டிஷ்–மைசூர்ப் போர்' என்று நாம் படித்த போரின் இந்த ஒரு காட்சியில் பிரிட்டிஷ்காரரை விரல் விட்டு எண்ணினால் முதல் விரலோடு நின்றுவிடுகிறது.

தொப்பாஸ்கள் என்பவர்கள் போர்ச்சுகீசியக் கலப்பு வழியில் வந்த கிறிஸ்தவ வீரர்கள். தொப்பி போட்டதால் அந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். துபாஷி என்ற சொல்லிலிருந்து வந்தது என்று வேறொரு கட்சியும் உண்டு. திருவிதாங்கூர்ப் படைக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட டி லனாய் என்பவரையே தன் தளபதியாக வைத்துக்கொண்டார் மார்த்தாண்ட வர்மா. அவர் கற்றுக்கொடுத்த ஐரோப்பியக் கவாத்துதான் ஐம்பது வருஷம் கழித்து நம்ம கோட்டைமேட்டு மதில் மேல் நிற்கிறது. டி லனாயின் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

ஆக, என் நாற்பது ரோஸ் முகங்களும் தப்பு.

பெயின்டை எடுக்க வேண்டும். இதற்கு எங்கள் வட்டாரத்து மருந்து டெட்டால். தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் டெட்டாலிலேயே தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுக் குழாயடியில் காட்டினால் பெயின்ட் கோந்து மாதிரி ஆகி மூக்கிலும் காதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசம். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டுவிட்டுப் போனார். நாற்பது பேருக்குப் பிறவி மாறுகிறது என்று எப்படிச் சொல்வது?

நிறத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் பெயின்ட் டப்பாவில் 'ஃப்ளெஷ்' என்று எழுதியிருக்கும். திறந்தால் ரோஸ். உலகத்தில் தோல் என்றால் அதுதான் போல. நம்ம ஆட்களுக்கு நான் உள்ளூர் ஃபேப்ரிக் பெயின்டில் பர்ன்ட் சியன்னாவும் மஞ்சள் காவியும் கலக்கிறேன், ஒவ்வொரு ஐந்து பேருக்கும் கலவையைக் கொஞ்சம் மாற்றி. காய்ந்ததும் கறுப்பு கலந்த பழுப்பைத் தண்ணியாக ஓடவிட்டால் கண் குழியிலும் விரல் இடுக்கிலும் நிழல் விழும். பிறகு காய்ந்த பிரஷ்ஷில் வெளிர் நிறம் தொட்டு மூக்கு, கன்னம், முழங்கால் மேல் லேசாக வருட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பிளாஸ்டிக் ஆளாகிவிடும். எத்தனை முறை செய்தாலும் அந்த நிமிடம் எனக்குச் சலித்ததில்லை.

முழங்கால் என்று சொன்னேன் இல்லையா, அதுவும் முக்கியம். கம்பெனியின் மதராஸ் சிப்பாய் அந்தக் காலத்தில் முழுக்கால்சட்டை போடவில்லை. மேலே சிவப்புக் குட்டைக் கோட்டு, கீழே தொடை வரைக்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, அதன் ஓரத்தில் நீலத்தில் பல் பல்லாக ஒரு கரை. வெறுங்கால் அல்லது செருப்பு. தலையில் நீலத் தலைப்பாகை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த சிப்பாய்ப் படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நாஷோடு வந்த சிப்பாய்களை அக்டோபர்க் காட்சிக்காகத் தனியாகச் செய்தபோது, ஐரோப்பியக் காலாட்படைப் பொம்மையின் கால்சட்டையைக் கத்தியால் சீவிச் சீவிக் கால் ஆக்கினேன். உயரத் தொப்பியை வெட்டிவிட்டு எம்-சீலில் தலைப்பாகை உருட்டி வைத்தேன். தலைப்பாகை ரெண்டரை மில்லிமீட்டர், பிசைந்த எம்-சீல் கடினமாகும் முன் ஊசியால் மடிப்பு கீற வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஆறு தலை வந்தால் பெரிசு.

இந்த ரெண்டரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்பவர்களுக்கு நான் வேலூரைக் காட்டுவேன். 1805 கடைசியில் மதராஸ் படைக்குப் புது மாதிரித் தலைப்பாகை வந்தது. தோலில் செய்த குஞ்சம், பார்வைக்கு ஐரோப்பியத் தொப்பி ஜாடை. கூடவே நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசையும் ஒரே அளவு. தளபதி சர் ஜான் கிராடக்கின் காலத்து உத்தரவு. தொப்பி போட்டவன் மதம் மாறியவன் என்று ஊர் பேசும் என்பது சிப்பாயின் பயம். தோல் என்ன தோல் என்பது இன்னொரு பயம். மறுத்தவர்களில் ரெண்டு பேருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், கசையடி கொடுத்து வேலையை விட்டு அனுப்பினார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டை வெடித்தது. வெள்ளைக்காரர் 100 பேருக்கு மேல் செத்தார்கள். கோட்டை மேல் மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். அதன் பிறகு செத்த சிப்பாய்கள் 300 பேருக்கு மேல். தலைப்பாகை உத்தரவு வாபஸ். கிராடக்கும் கவர்னர் பென்டிங்க்கும் பதவியிழந்து ஊருக்குத் திரும்பினார்கள். தலைப்பாகை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம், அவமானம், திப்புவின் குடும்பம் அதே கோட்டைக்குள் சிறை இருந்தது என்று நிறைய உண்டு. ஆனால் ஒரு சிப்பாயின் தலைமேல் என்ன இருக்கிறது என்பதற்காக ஆள் செத்திருக்கிறான். அதை நான் தப்பாகச் செய்தால் எப்படி?

மைசூர்ப் பக்கம் வேறு மாதிரி சோதனை. திப்புவின் ஒழுங்குப் படைக்குப் புலிவரிச் சட்டை. புலித்தோல் மாதிரி நீள வரி இல்லை அது, இலை மாதிரி, சுடர் மாதிரி சின்னச் சின்னக் கீற்று. திப்புவின் துப்பாக்கி, வாள் பிடி, கொடி எல்லாவற்றிலும் அதே கீற்றுதான். ஊதா கலந்த நீலச் சட்டையில் ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கீற்று, 000 நம்பர் பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நல்லவேளை, படையில் எல்லாருமே ஒழுங்குப் படை இல்லை. சொந்தத் துணியில் வந்தவர்களும் உண்டு, அவர்கள்தான் என் கண்ணைக் காப்பாற்றினார்கள்.

திப்பு என்றதும் எல்லாரும் லண்டன் மியூசியத்துப் புலியைச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் மேல் ஏறிக் கழுத்தைக் கடிக்கிற மரப்புலி, உள்ளே ஆர்கன், கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், ஆள் முனகுவான், கை தூக்குவான். புலி 178 சென்டிமீட்டர் நீளம், ஆள் கிட்டத்தட்ட நிஜ அளவு. ஒரு ஜெனரல் மன்றோவின் மகனை 1792-ல் வங்காளத்துத் தீவு ஒன்றில் புலி அடித்த சம்பவத்தை வைத்துச் செய்தது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே சம்பவத்தை இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்களும் அலமாரியில் வைக்கிற பீங்கான் பொம்மையாகச் செய்து விற்றார்கள். எங்கள் புலிகுத்திக் கல்லில் மனுஷன் ஜெயிக்கிறான், ஸ்ரீரங்கப்பட்டணத்து மரத்தில் புலி ஜெயிக்கிறது. யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பாதி முடிந்த மேசையின் போட்டோக்களைப் புத்தகக் கடை பாயிடம் காட்டினேன். அவர் வீடு கோட்டைமேட்டில்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நம்ம ஆளு யாரு தம்பி?"

நான் மதில் மேல் காட்டினேன். இவர்கள் திருவிதாங்கூர், இவர்கள் கலப்பினக் கிறிஸ்தவர்கள். கீழே காட்டினேன். இவர்கள் மைசூர், இந்துவும் முஸ்லிமும்.

"அது சரி. கோயமுத்தூர்க்காரன் எங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முற்றுகை என்றால் ரெண்டு மாசம். ரெண்டு பக்கமும் சாப்பிட வேண்டும். நெல்லும் ராகியும் யார் காட்டிலிருந்து வந்திருக்கும்? ஏணிக்கு மரம் யார் வெட்டியிருப்பார்கள்? தண்ணீர் சுமந்தது யார்? அந்தக் காலத்துப் படைகளோடு சண்டை போடாத ஆட்கள் பல மடங்கு நடந்தார்கள். புல் அறுப்பவர்கள், மாடு ஓட்டுபவர்கள், கடை போடுபவர்கள். ஊர்க்காரன் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பான். எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் அந்தக் கூட்டத்துக்குப் பொம்மை வருவதில்லை. பெட்டிக்கு 48 பேர், 48 பேரும் சுடுகிறார்கள்.

கைதியாகப் போன சால்மர்ஸ் என்ன ஆனார் என்பது புத்தகத்தில் இருக்கிறது. 1792 பிப்ரவரியில் திப்பு அவரையும் நாஷையும் விடுவித்து, அவர்கள் கையிலேயே கார்ன்வாலிஸுக்குச் சமாதானக் கடிதம் கொடுத்தனுப்பினார். மார்ச்சில் உடன்படிக்கை. திண்டுக்கல், பாராமகால், மலபார் எல்லாம் போயிற்று. கோயம்புத்தூர் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது. இதெல்லாம் தேதியோடு கிடைக்கிறது. ஏணி மரம் வெட்டியவனுக்குத் தேதி இல்லை.

அதனால் மேசையின் முன்பக்கம் இருந்த பத்துத் துப்பாக்கிக்காரர்களை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பீரங்கி வண்டி, நாலு ஜோடி மாடு, தோல் பையில் தண்ணீர் சுமப்பவர் ரெண்டு பேர், புல்லுக்கட்டோடு ஒரு பெண், தலையில் சும்மாடு. சும்மாடு அரை மில்லிமீட்டர். மாடுகளை எம்-சீலில் கம்பி வைத்து நானே செய்தேன். நகைப்பட்டறை வைத்திருக்கும் செல்வபுரத்து நண்பர் அதில் ஒன்றை அச்செடுத்து ஈயக் கலவையில் எட்டாக வார்த்துக் கொடுத்தார். மோதிரத்துக்கு அச்செடுக்கிற கைக்கு மாடு ஒரு பொருட்டா?

போன ஞாயிறு காங்கேயத்திலிருந்து மாமா வந்திருந்தார். சிப்பாய், புலிவரி, மதில் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து மாட்டைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, இது எந்த ஊரு மாடு?"

"மைசூர்ப் பீரங்கி மாடுங்க மாமா."

"அப்பறம் ஏன் நம்ம காங்கேயத்துக் கொம்பை வெச்சிருக்கற? வெளிய வளஞ்சு நுனி ரெண்டும் பக்கத்துல வருது பாரு. மைசூர் மாடு அம்ரித்மகால். அதுக்கு அடியிலயே ரெண்டு கொம்பும் நெருக்கமா இருக்கும், பின்னால சாஞ்சு நேரா ஈட்டி மாதிரி ஏறும்."

அவர் சொன்னது சரி. பீரங்கி இழுக்க மைசூர் அரசு தனியாக வளர்த்த இனம் அது, அம்ரித்மகால் என்ற பெயரே திப்பு வைத்தது. எட்டு மாடு, பதினாறு கொம்பு. இரும்புக் கடையில் மெல்லிசுப் பித்தளைக் கம்பி ஒரு முழம் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு மாட்டுக்கு மாற்றிவிட்டேன். மிச்ச நாலை ஊர் மாட்டு வண்டியில் பூட்டிவிடலாமா என்று யோசனை. அதற்கு ஒரு வண்டியும், ஓட்டுவதற்கு ஒரு கோயமுத்தூர்க்காரரும் செய்ய வேண்டும்.